கிளாம்ப் அக்காவின் கைவலை

அந்த மூன்று வாரமும் எங்கள் இரண்டு வீட்டிலும் குக்கர் கிடையாது. அக்கா வீட்டுக் குக்கர் முதல் நாளே போனது. எங்கள் வீட்டுக் குக்கரை இரண்டாம் வாரம் அவளே வந்து அடுப்பிலிருந்து இறக்கி, உள்ளே இருந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, கையோடு எடுத்துக்கொண்டு போனாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். என் அக்கா ஒரு காரியத்தில் இறங்கிய பிறகு குறுக்கே போவதும் ஓடுகிற மோட்டாரில் விரலை விடுவதும் ஒன்றுதான். நான் மோட்டார் பழுது பார்க்கிறவன். எனக்குத் தெரியும்.

அக்கா நாற்காலித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறாள். வளைப்புப் பிரிவு. கட்டையை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் வளைத்து, கிளாம்ப் என்கிற இரும்புப் பிடியைப் போட்டு முடுக்கி நிறுத்த வேண்டும். அங்கே அவளுக்கே கிளாம்ப் என்றுதான் பட்டப்பெயர். வைத்தவர் மேஸ்திரி. அந்தப் பெயருக்கு முதலில் மாட்டியவரும் அவர்தான். நீராவிப் பெட்டி இருந்த அறைக்கு ஜன்னல் இல்லை, உள்ளே நின்றால் மனிதர்களும் சேர்ந்து வேகும். ஜன்னல் வேண்டும் என்று அக்கா ஒரே ஒரு முறை வாய் திறந்து கேட்டாள். அப்புறம் தினமும் காலையில் அவர் மேஜை முன்னால் போய் இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு வேலைக்குப் போவாள். நாற்பத்தொரு நாள் நின்றாள். நாற்பத்திரண்டாம் நாள் கொத்தனார் சுத்தியலோடு வந்து சுவரை உடைத்தார்.

அவள் கணவர், என் அத்தான், பஸ் ஓட்டினவர். வாரத்தில் ஆறு நாள் பஸ், ஏழாவது நாள் ஏரி. ஊருக்கு வெளியே ஏரிக்கரைக் கற்களின் மேல் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு அரை நாள் நின்றபடியே தூண்டில் போடுவார். உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள் என்றால் அவருக்கு இளக்காரம். "பென்ஷன் பார்ட்டி" என்பார். கூட்டாளி தபால்காரர். இருவரும் ஏரியில் மணிக்கணக்காக ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

போன வருடம் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பி வந்தன. வழக்கமாகச் செய்கிறதையெல்லாம் செய்யவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, நான், தபால்காரர் மூவரும் சேர்ந்து அவரை ஏரிக்கு அழைத்துப் போனோம்.

அன்றைக்கென்று பார்த்து நல்ல கனமான மீன் விழுந்தது. அத்தான் தூண்டில் கோலை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் ரீலைச் சுற்றி, மீனைக் காலடிவரை கொண்டுவந்துவிட்டார். அதைத் தண்ணீரிலிருந்து கோரியெடுக்கத்தான் கைவலை. அவருடையது ஆளுயர இரும்புக் குழாய், அதன் நுனியில் இரும்பு வளையம். இடது கைக்கு அந்தக் கனம் பழக்கமில்லை. வலை நழுவித் தண்ணீருக்குள் போனது. குனிந்து பிடிக்கப் போனவர் கல்லில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் ஓடிவந்து தன் வலையால் மீனைக் கோரி அத்தானின் மடியில் வைத்தார். நல்ல மனுஷர், உதவிதான் செய்தார். ஆனால் அத்தான் அந்த மீனைத் தின்னவும் இல்லை, எங்களைத் தின்ன விடவும் இல்லை.

அன்றிலிருந்து அவர் ஜன்னலோர நாற்காலியில்தான். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டின் பக்கச் சுவர். அதில் ஒரு தண்ணீர்க் குழாயும் கொஞ்சம் பாசியும் உண்டு. வேறு ஒன்றும் கிடையாது. அதை ஏழு மாதம் பார்த்தார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதுகுச் சட்டமே இரண்டு பக்கமும் வளைந்து வந்து கைப்பிடியாகிற ரகம் அது. அக்கா வேலைக்குச் சேர்ந்த வருடம் முதன்முதலாக வளைத்த சட்டம். இடது பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாக வளைந்துவிட்டது என்று சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிட்டார்கள். அவள் அதைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, காலும் பலகையும் பொருத்தி நாற்காலியாக்கினாள். என் பொண்டாட்டி தப்பாகச் செய்த ஒரே நாற்காலி என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுவார். அதில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை.

இடையில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கடையில் அலுமினியக் கைவலை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இறகு மாதிரி கனம், மடித்துப் பையில் வைக்கலாம். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழாய் நீளும். அத்தான் வலது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், அழுந்தவில்லை. இடது கையால் அழுத்தினார், அப்போது பிடித்துக்கொள்ளக் கையில்லை. மூன்று முறை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாப்ளே" என்று சொல்லி மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். கடையில் நான் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்கு மறுநாளோ என்னவோ, தபால்காரர் கடிதம் கொடுக்க வந்தபோது அத்தான் அவரை உள்ளே கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"மூணு தூண்டிலும் அலமாரிக்குப் பின்னாடி இருக்கு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடு. எனக்கு இனிமே அது எதுக்கு?"

தபால்காரர் தோள் பையைச் சரிசெய்துகொண்டே நின்றார். அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமைதான? வாங்கண்ணே," என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது. இருபத்தேழு வருடம் கிளாம்ப் என்று பெயர் வாங்கியவள் இவ்வளவு லேசாகவா விடுவாள் என்று வாசலில் வைத்துக் கேட்டேன். அவள் என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அந்தத் தூண்டிலுங்க வீட்ட விட்டுப் போச்சுன்னா, இந்த மனுஷன் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டாருடா. இன்னும் மூணு வாரம் இருக்கு. உன் வேன எடு, மரம் ஏத்தணும்."

மரக்கடையில் மல்பெரி மரம் ஒரு துண்டுக்காக ஒரு மணி நேரம் நின்றாள். நார் நேராக ஓடியிருக்கிறதா என்று கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பொண்ணு பார்க்க வந்திருக்கிறாளா மரம் வாங்க வந்திருக்கிறாளா என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். ஐந்தாவது கட்டை அவளுக்குப் பிடித்தது. வீட்டுக் கொல்லையில் அதை ரம்பத்தால் அறுக்க நான் இறங்கியபோது கையைத் தட்டிவிட்டாள். அறுத்தால் ரம்பம் தன் இஷ்டத்துக்கு நாரை வெட்டிவிட்டுப் போகும், வளைக்கும்போது அங்கேதான் முறியும். பிளந்தால் கட்டை நார் போகிற வழியில் போகும். தடித்த கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பிளந்தாள். பிறகு ஒவ்வொரு பட்டையையும் இழைத்து இழைத்து இரண்டு நாணயம் சேர்த்த தடிமனுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வலைக்கு மூன்று பட்டை வேண்டும்.

மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாயைக் கழற்றினோம். ஒரு முனையில் துணி அடைத்து, மறு முனையில் குக்கரிலிருந்து வந்த ரப்பர் குழாயைச் செருகினோம். அதுதான் எங்கள் நீராவிப் பெட்டி. அச்சு, ப்ளைவுட்டில் வெட்டிய பேரிக்காய் வடிவம். பலகையில் திருகி, சுற்றிலும் முளைகள் அடித்திருந்தாள். எங்கேயோ பார்த்த வளைவாக இருக்கிறதே என்று கேட்டேன். அவர்கள் தொழிற்சாலை நாற்காலி முதுகின் வளைவைத்தான் கொஞ்சம் சுருக்கி வரைந்திருக்கிறாள்.

"என் கைக்கு வேற வளைவு தெரியாது," என்றாள்.

அத்தானுக்குத் தெரியாமல் செய்தோம் என்று நினைக்க வேண்டாம். வீடு முழுக்க நீராவி, கொல்லை முழுக்கச் சீவல், தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை. இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

முதல் பட்டையை வெளியே எடுத்ததும் நான் சத்தமாக எண்ண வேண்டும். பத்துக்குள் வளைத்து முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் கட்டை இறுகிவிடும். நான் ஆறு என்றபோது டப்பென்று ஒரு சத்தம். மிளகு அளவுகூட இல்லாத ஒரு கணு உள்ளே ஒளிந்திருந்திருக்கிறது. இரண்டாவது பட்டை எட்டில் போனது. மூன்றாவதை வளைத்துக் கட்டி, இரண்டு நாள் காயவிட்டு அவிழ்த்தால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் நகத்தால் தடவி, இங்கே என்று காட்டி, காலில் வைத்து முறித்துப்போட்டாள். நான்காவது, ஐந்தாவது என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவளுடைய குக்கரின் ரப்பர் வளையம் உருகி, எங்கள் குக்கரும் அவளிடம் போனது. இரண்டு குடும்பமும் கடை ரொட்டியைத் தின்றோம்.

எத்தனை முறிந்தாலும் அவள் முகம் மாறவில்லை. காலையில் வேலைக்குப் போய், நாள் முழுக்கக் கட்டை வளைத்துவிட்டு, சாயங்காலம் வந்து கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடியும் கட்டையை வளைப்பாள். ஒருநாள் அத்தான் ஜன்னலிலிருந்து திரும்பாமலேயே வீண் வேலை என்றார். நீராவி அடங்கியதா பார் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது பட்டைகள் நின்றன. பிடியை விட்டதும் கட்டை கொஞ்சம் பின்வாங்கும், அதற்காக வேண்டியதற்கு மேல் ஒரு நூல் வளைத்துத்தான் கட்ட வேண்டும். அவள் அளவே எடுக்காமல் வளைத்தாள், காய்ந்து அவிழ்த்தபோது மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பசை தடவி, சேர்த்து, அச்சைச் சுற்றிப் பதினாறு கிளாம்ப் போட்டாள். தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கி வந்தவை. கொடுத்தவர் மேஸ்திரி. கேட்டதும் ஒரு பேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டாராம். நாற்பத்தொரு நாள் அவருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

கைப்பிடிதான் அவளுடைய ரகசியம். ஒருநாள் குளியலறை அலமாரியில் நெளிந்துபோன சோப்பு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தூக்கிப் போடப் போனேன். அக்கா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். புதுச் சோப்பை வெந்நீரில் ஊறவைத்து மெத்தென்றாக்கி, கை கழுவும் இடத்தில் வைத்திருக்கிறாள். அத்தான் இடது கையால் இறுக்கிப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். நான்கு விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன. அந்தப் பதிவை வைத்துப் பழைய நாற்காலிக் கால் ஒன்றைச் செதுக்கினாள். மூன்று நாள் செதுக்கினாள். நீளத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது நூலைப் பிடித்து அளந்துகொண்டாள்.

வளையத்தின் இரண்டு நுனிக்கும் நடுவே கைப்பிடியின் ஆப்பு நுழைந்து ஒட்டியது. வளையத்தின் வெளிப்பக்கம் மெல்லிய பள்ளம் இழைத்து, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு துளை போட்டாள். வலை கட்டும் நூல் அந்தப் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்ளும், கல்லில் உரசினாலும் அறாது. எண்ணெய் பூசினாள். அப்புறம் என் வீட்டுக்கு வந்து, நான் வாங்கிய அலுமினிய வலையிலிருந்து வலைப்பையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, குழாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் குழாயில் இப்போது என் மனைவி ஒட்டடை அடிக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. மறுநாள் தபால்காரர் வருவார். அக்கா கொல்லையில் ஒரு பெரிய தொட்டியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, என் ரப்பர் செருப்பு ஒன்றை மீனாக மிதக்கவிட்டாள். உள்ளே போய், கொஞ்சம் வாங்க என்று மட்டும் சொன்னாள். அத்தான் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தார். மூன்று வாரச் சத்தத்துக்கு அவரும் காது கொடுத்துத்தான் இருந்திருக்கிறார்.

வலையை அவர் இடது கையில் கொடுத்தாள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். விரல்கள் தேடவேயில்லை, போய் உட்கார்ந்துவிட்டன. கையைத் திறந்து பார்த்தார், மறுபடி மூடினார். என்ன இது என்று சன்னமாகக் கேட்டார். சோப்பு என்று அவள் சொன்னாள். அவர் சிரித்தார். ஏழு மாதத்தில் அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு செருப்பைக் கோர வலையை இறக்கினார். வலை தண்ணீரைத் தொடவில்லை. இன்னும் இறக்கினார். ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தது. குனிந்தார். கெட்ட கால் மடங்கிச் சரிந்தவரை நான் போய்த் தாங்கிக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து, வலையை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"எப்ப அளவெடுத்த?"

"மத்தியானம். நீங்க தூங்கும்போது."

"நாற்காலியில."

அக்கா கைப்பிடியின் நுனியைக் குனிந்து பார்த்தாள்.

"உனக்கும் நான் உக்காந்திருக்கிறவன்தான்," என்றார். "பரவாயில்ல. தப்பில்ல."

வலையைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். மருத்துவமனை வராந்தாவில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. நாற்காலி செய்கிறவள், இருபத்தேழு வருடமாக அளந்ததெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான். கையிலிருந்து மடி, மடியிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தரை. நூல் தானாக அந்த வழியில் போயிருக்கிறது, அவள் யோசிக்கவே இல்லை. நின்றுகொண்டுதான் மீன் பிடிப்பார் என்று ஊருக்கே தெரியும். வேறு யார் செய்திருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

கைப்பிடியோடு ஒரு துண்டு சேர்த்து ஒட்டலாமே என்றேன். பசை காய நான்கு நாள் என்றாள். தபால்காரரை அடுத்த வாரம் வரச்சொல்லலாமே என்றேன்.

"இன்னிக்குத்தான் கை வச்சுப் பாத்தாரு. சிரிச்சாரு. இன்னிக்கு விட்டா அப்புறம் தொடவே மாட்டாருடா."

பிறகு தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள். எழுந்து, கைரம்பத்தையும் நூலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கொஞ்சம் எந்திரிங்க என்றாள். தரை பெருக்கத்தான் என்று நினைத்து அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். அவள் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். நூலால் நான்கு காலையும் அளந்து பென்சிலால் கோடு போட்டாள். ரம்பத்தை வைத்து அறுக்க ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ற? அது உன் மொத நாற்காலி."

அவள் நிறுத்தவில்லை. முதல் கால் துண்டு தரையில் விழுந்து உருண்டது. அறுத்துக்கொண்டே பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"அளவு தப்பா எடுத்தது நான். கை பழக்கத்துல எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. ஆனா வலை தப்பில்ல. உக்காந்து பிடிச்சா சரியா இருக்கும். தண்ணிக்குள்ள ஒரு சாண் முங்கணும்ல, அதுக்குத்தான் நாற்காலிய எறக்குறேன்."

"உக்காந்தா? பாக்கிறவன் பென்ஷன் பார்ட்டின்னு சொல்வான்."

"நீங்க சொன்னதத்தான சொல்வான்."

இரண்டாவது துண்டு விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கிற நேரமா இது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஏழு மாசமா இங்க உக்காந்து செவத்தப் பாத்தீங்க. நாளைக்கு ஒரு நாள் அங்க உக்காந்து தண்ணியப் பாருங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்னா, தூண்டில நானே தூக்கிக் குடுத்துடறேன்."

நான்காவது துண்டும் விழுந்ததும் நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு சாண் குள்ளமாகிவிட்டது. அத்தான் வீம்புக்கு அதில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கட்டைதான் தெரிந்தது. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை.

ஞாயிறு காலையில் தபால்காரர் சைக்கிளும் கயிறுமாக, சாவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்தார். தூண்டில் கோல்களை அக்காவே எடுத்து அவர் சைக்கிளில் கட்டினாள். ஏரிக்கு வாங்கண்ணே என்றாள். என் வேனில் நாற்காலி, அத்தான், வலை. வழி முழுக்க வலை அவர் மடியில் இருந்தது, கைப்பிடியை விடவில்லை.

கற்களைத் தாண்டி ஒரு மணல் திட்டு இருந்தது. அங்கே கணுக்கால் ஆழத் தண்ணீரில், முன்னால் முழங்கால் ஆழத்துக்கு இறங்குகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, நான்கு காலையும் மிதித்து அழுத்தி, ஆட்டிப் பார்த்து, இன்னும் அழுத்தினாள். அத்தான் உட்கார்ந்தார். வலையை இறக்கிப் பார்த்தார். விளிம்பு தண்ணீருக்குள் ஒரு சாண் போனது. அவர் தூண்டிலை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கரையில் போகிறவர்கள் பார்த்தார்கள். யாராவது சிரித்தால் வாயை உடைப்பது என்று நான் தயாராக நின்றேன். ஒரு பெரியவர் கிட்ட வந்தார். சிரிக்கவில்லை. இந்த நாற்காலி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் கோல் வளைந்தது. அத்தான் அதை அக்குளில் இடுக்கினார். இடது கை ரீலைச் சுற்றியது, நின்றது, விட்டுக்கொடுத்தது, மறுபடி சுற்றியது. மீன் காலடிக்கு வந்து நாற்காலியைச் சுற்றி ஓடப் பார்த்தது. ரீலை விட்டுவிட்டு வலையை எடுத்தார். முதல் கோரலில் மீன் விளிம்பில் வாலால் அடித்துவிட்டு விலகியது. தபால்காரர் தாங்க முடியாமல் தண்ணீருக்குள் ஓர் அடி வைத்துக் கையை நீட்டினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, பிடித்த பிடியில் நின்றாள். பட்டப்பெயர் ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்லி, தபால்காரர் பிறகு எனக்குச் சிவந்த தடத்தைக் காட்டினார்.

அத்தான் அவசரப்படவில்லை. வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, அசையாமல் வைத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்தார். கோல் மீனை இழுத்து வந்தது. தலை வளையத்துக்குள் வந்ததும் தூக்கினார். தண்ணீர் கொட்டிக்கொண்டு மேலே வந்தது வலை, மீன் அதற்குள் துள்ளியது. ஒரு முழம்கூட இல்லை, சின்ன மீன்தான். நான் கத்திவிட்டேன். வெட்கமில்லாமல் அழவும் செய்தேன்.

அவர் வலையை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த பேன்ட்டோடு, மீனைப் பார்க்காமல் அந்த மர வளையத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் கிட்டப் போய்த் தயங்கினார். தூண்டில் விஷயம் என்ன என்று இழுத்தார்.

"உனக்கு வேணும்னா கடையில வாங்கிக்க," என்றார் அத்தான்.

தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதுக்குடா, என்கிட்டயே நாலு இருக்கு என்றார்.

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "கைப்பிடி குட்டை."

"தெரியும்."

"நின்னு பிடிக்கிற மாதிரி இன்னொன்னு செய்."

என் மனைவியின் குக்கர் என் கண் முன்னால் வந்து போனது. அக்கா இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்தாள். அதை அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே செருகி வந்திருக்கிறாள்.

"எந்திரிங்க. அளக்கணும்."

குள்ள நாற்காலி, காலடியில் மணல், ஒரு கால் பாதிக் கால். நல்ல காலுள்ளவனுக்கே அதிலிருந்து எழுவது சிரமம். நான் கை கொடுக்க ஓர் அடி வைத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அத்தான் வலையைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு, இடது கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினார். ஒரு நூல் கூடுதலாக வளைந்த பக்கம். பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. அக்கா அவசரப்படுத்தவில்லை, ஏனென்று கேட்கவில்லை, நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை தண்ணீரில் நின்றாள். மூன்றாம் முறை நாற்காலி மணலுக்குள் இன்னும் இறங்கியது, அவர் எழுந்துவிட்டார்.

"நேரா நில்லுங்க," என்றாள்.

நின்றார். அக்கா நூலை அவர் இடது உள்ளங்கையிலிருந்து தண்ணீர்வரை இறக்கி, தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.